திறப்பு விழா முடிந்த பிறகு

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கக் கிராமங்களில் நிற்கும் அடிபம்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. 2009 வாக்கில் கணக்கெடுத்தபோது அது மூன்றில் ஒன்றுக்கும் மேல். அத்தனை பம்புகளுக்கும் யாரோ மனமுவந்து பணம் கொடுத்திருக்கிறார்கள். ரிப்பன் வெட்டி, கை தட்டி, முதல் வாளித் தண்ணீரோடு படம் எடுத்திருக்கிறார்கள். பம்பு நின்ற மறுநாள், அந்த ஊர்ப் பெண்கள் மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு பழைய ஓடைக்கே போகிறார்கள். ஒரு கேனுக்கு 20 லிட்டர் பிடிக்கும். தலையில் 20 கிலோ. தண்ணீர் எடுப்பதற்காக மட்டும் உலகம் முழுவதும் பெண்களும் சிறுமிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 20 கோடி மணி நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று யுனிசெஃப் 2016இல் கணக்குச் சொன்னது.

இந்தப் பம்புகளைத் தேடிப் போகிறவர்களில் ஒரு சாரார் தலை நரைத்த தம்பதிகள். அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ போன்ற மாநிலங்களில் விவசாயியாகவோ பொறியாளராகவோ ஆசிரியையாகவோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு உகாண்டாவுக்கோ மலாவிக்கோ விமானம் ஏறுகிறார்கள். மார்மன் சபை என்று பலரும் அறிந்த, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மூத்த மிஷனரிகள் இவர்கள். சம்பளம் கிடையாது. வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தச் சேமிப்பிலிருந்துதான். ஆறு மாதம் முதல் 23 மாதம் வரை தங்கலாம். நிவாரணப் பணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றரை வருடம் இருக்கிறார்கள். சட்டையில் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. ஊரில் இவர்களை 'எல்டர்', 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள்.

இந்தச் சபைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உள்ள உறவு எளிதானது அல்ல. 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்குச் சபையில் குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது. அந்தத் தடை நீங்கிய அதே ஆண்டு நவம்பரில் நைஜீரியாவிலும் கானாவிலும் போய் இறங்கிய முதல் மிஷனரிகள் இரண்டு தம்பதிகள்: ரெண்டல் மேபி, அவர் மனைவி ரேச்சல், எட்வின் கேனன், அவர் மனைவி ஜனாத். மேபிக்கு வயது எழுபதை ஒட்டி. பின்னர் எத்தியோப்பியப் பஞ்சம் வந்தது. 1985 ஜனவரி 27 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த சபையார் இரண்டு வேளை உண்ணாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்தார்கள். ஒரே நாளில் 60 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சபையின் உலகளாவிய நிவாரணப் பணிகள் அங்கிருந்துதான் வளர்ந்தன. 2002இல் சுத்தமான குடிநீர் அதில் ஒரு தனித் திட்டமானது.

அறுபத்தைந்து வயதுக்கு மேல் வேற்று நாட்டில் குடித்தனம் நடத்துவது விளையாட்டல்ல. கென்யா, உகாண்டா, மலாவி மூன்றிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. வாழ்நாள் முழுக்க வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, செம்மண் சாலையில், எதிரே வரும் சரக்கு லாரிக்கு முன்னால் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரையை மறக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீரை வடிகட்ட வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். முழங்கால் வலியோடு மேடு ஏறி ஊற்றைப் பார்க்கப் போக வேண்டும். ஊரில் பேரக்குழந்தை பிறக்கும், கூடப் பிறந்தவர் இறந்துபோவார். வீடியோ அழைப்பில் பார்த்துக்கொள்வதுதான். இதையெல்லாம் விரும்பி ஏற்று, தங்கள் காசையும் செலவழித்துப் போகிறவர்களை நான் மதிக்கிறேன்.

தண்ணீரைக் காட்டி மதம் மாற்றுகிறார்களா என்று தமிழ் வாசகர் கேட்காமல் இருக்க மாட்டார். கேட்கவும் வேண்டும். நிவாரணப் பணித் தம்பதிகளின் வேலையில் பிரசங்கம் சேராது. வீடு வீடாகப் போய் மதம் பேசுகிறவர்கள் வேறு, இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். உதவி பெற மதம் தடையில்லை என்பது சபையின் அறிவித்த கொள்கை. யுனிசெஃபோடும் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனங்களோடும் சேர்ந்தே பல திட்டங்கள் நடக்கின்றன. அதே சமயம், ஆப்பிரிக்காவில் இந்தச் சபை வேகமாக வளர்கிறது. நல்ல பெயர் எந்தச் சபைக்கும் உதவத்தான் செய்யும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தண்ணீருக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்டால் அது தவறு. கேட்காதவரை, பம்பு வைத்தவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதைவிட, அந்தப் பம்பு மூன்றாம் வருடமும் தண்ணீர் தருகிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மிஷனரிகளும் தண்ணீரும் ஆப்பிரிக்காவில் சேர்ந்தே வந்த கதை இன்னும் பழையது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட வடக்கில் உள்ள குருமானில் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி லிட்டர் பொங்கும் ஓர் ஊற்று இருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தின் ராபர்ட் மொஃபாட் 1820களில் அதன் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோய்த் தோட்டம் போட்டார். அதற்கு முன் கடும் வறட்சி வந்தபோது, மழையைத் தடுப்பதே இந்த வெள்ளைக்காரர்கள்தான் என்று மழை வருவிப்பவர் ஒருவர் பழி சொல்ல, மொஃபாட்டை ஊரைவிட்டே துரத்தப் பார்த்தார்கள். அவருடைய மருமகன் டேவிட் லிவிங்ஸ்டனும் இதே பழியைச் சுமந்தவர். இன்றைய போட்ஸ்வானாவில் கோலோபெங் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினார். மழை வருவிப்பவராகவும் இருந்த அரசர் செசேலே 1848இல் ஞானஸ்நானம் பெற்றார். தொடர்ந்து மழை பொய்த்தது. மக்கள் யாரைக் குறை சொல்லியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மொஃபாட் குருமானிலேயே கிழவராகி, 1870இல்தான் இங்கிலாந்து திரும்பினார்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். உகாண்டாவில் 'யூ2' என்றொரு அடிபம்பு கிராமந்தோறும் நிற்கிறது. அதன் தாய்வடிவம் 'இந்தியா மார்க் 2'. தமிழ்நாட்டில் தெருமுனையில் நின்று அடித்த அதே பம்பு. 1966, 67 வறட்சியின்போது யுனிசெஃப் உதவியோடு ஆழ்துளைக் கிணறு போடும் 'போர்' வண்டிகள் இந்தியாவுக்கு வந்தன. பாறையைத் துளைத்துத் தண்ணீர் கண்டார்கள். மேலே வைத்த வார்ப்பிரும்புப் பம்புகளோ மேலைநாட்டில் ஒரு வீட்டுக்கு என்று செய்ததன் நகல்கள். நாள் முழுக்க ஓர் ஊரே அடித்தால் தாங்குமா? கைப்பிடி ஆட்டம் கண்டது, முளை தேய்ந்தது. 1974இல் பார்த்தபோது நான்கில் மூன்று பம்பு ஓடவில்லை. ஆப்பிரிக்காவின் இன்றைய நிலையைவிட நம் நிலை மோசமாக இருந்தது.

தீர்வு மகாராஷ்டிரத்தின் மிஷன் பட்டறைகளில் முளைத்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிராமத்துக் கிணறுகளைப் பழுதுபார்த்தே சலித்துப்போன மிஷன் ஆட்கள், எஃகில், ஒரே முளையில் சுழலும் கைப்பிடியைச் செய்து பார்த்தார்கள். சோலாப்பூர்ப் பம்பை உருவாக்கியவர் ஸ்வீடன் மிஷனைச் சேர்ந்த ஆஸ்கர் கார்ல்சன். அந்த வடிவத்தை யுனிசெஃபும் இந்திய அரசும் எடுத்து மெருகேற்றின. புதிய பம்பைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் கோவை வட்டாரம். நீர்மட்டம் ஆழத்தில் இருக்கிற ஊர்கள், காலை முதல் இரவு வரை ஓயாத அடி. அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்ற எண்ணம். 1970களின் கடைசியில் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. இந்த வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது. யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். அதனால்தான் அது கடல் தாண்டிப் போனது. போர் வண்டிகள் இன்று திருச்செங்கோட்டிலிருந்தும் ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன.

1980களில் கோவையிலேயே இன்னொரு சோதனையும் நடந்தது. மார்க் 2 பழுதானால், கனமான இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் நாலைந்து ஆட்களும் வண்டியும் வேண்டும். குழாயை அகலமாக்கினால், உள்ளேயிருக்கும் பிஸ்டனை மட்டும் உருவி எடுத்து வாஷரை மாற்றிவிடலாம். இப்படிப் பிறந்தது மார்க் 3. அதே காலத்தில் மலாவியிலும் கென்யாவிலும் உருவான 'ஆஃப்ரிடெவ்' பம்பின் நோக்கமும் இதுதான்: ஊர்க்காரர்களே, பெண்களே, ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு பழுதுபார்க்க வேண்டும்.

கருவி இருந்தும் பம்பு ஏன் நிற்கிறது? பாதிக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. உகாண்டாவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சற்று அமிலத்தன்மை கொண்டது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அது சில வருடங்களில் அரித்துவிடும். தண்ணீர் சிவந்து வரும், துரு வாடை அடிக்கும், துணி கறைபடும். சமைத்ததன் நிறமும் மாறிவிடும். பெண்கள் அந்தப் பம்பைக் கைவிட்டு மறுபடி ஊற்றுக்கே போய்விடுவார்கள். கணக்கில் அது 'ஓடும் பம்பு'. 2016இல் உகாண்டா அரசு பம்புகளில் ஜி.ஐ. குழாய் போடுவதை நிறுத்தச் சொன்னது. எந்த ஊரில் தண்ணீரின் அமிலத்தன்மையை அளந்தார்கள், எந்தக் குழாயைப் போட்டார்கள் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்தால் இந்த இழப்பு இல்லை. ஐடஹோவில் நாற்பது வருடம் பாசனக் கிணறு பார்த்த விவசாயிக்கு இது தெரியும். உள்ளூர் ஒப்பந்தக்காரர் சொன்ன ஆழத்துக்குத் துளைத்தாரா, சரளை இட்டாரா, மேடையைச் சிமென்ட் பூசி மூடினாரா என்று அவர் குனிந்து பார்ப்பார்.

மீதிக் காரணம் மனிதர்களிடம் இருக்கிறது. ஊர் கூடித் தண்ணீர்க் குழு ஒன்றை அமைப்பார்கள், அதில் பெண்கள் கணிசமாக இருப்பார்கள். மணலும் கல்லும் உழைப்பும் ஊரின் பங்கு. மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு வசூலித்து, உதிரி பாகத்துக்குச் சேர்க்க வேண்டும். முதல் வருடம் பம்பு பழுதாகாது. காசு எதற்கு என்று கேள்வி வரும். சேர்ந்த பணம் யாருடைய அவசரத்துக்கோ போகும். மூன்றாம் வருடம் வாஷர் தேயும்போது பெட்டி காலி. பம்பைத் தலைவர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தால் சிலர் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பது, தண்ணீர் எடுக்கிற பெண்களுக்குத்தான் தெரியும். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். மிஷனரியின் மனைவி அவர்களோடு தரையில் உட்கார்ந்து, மக்காச்சோளம் உரித்துக்கொண்டே கேட்டால் சொல்வார்கள். நரை தலைக்கு ஆப்பிரிக்கக் கிராமத்தில் மரியாதை உண்டு. அவசரப்படாமல் உட்காருவதுதான் இந்த முதியவர்கள் கொண்டுபோகும் பெரிய சரக்கு என்று நினைக்கிறேன்.

அப்படி உட்காராததால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தில் பம்பை இணைத்து, விளையாட்டே தண்ணீரை மேலேற்றும் என்று ஒரு திட்டம் வந்தது. பெயர் 'பிளேபம்ப்'. 2006இல் அமெரிக்காவில் அதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். 2010க்குள் பத்து நாடுகளில் 4,000 பம்பு என்பது இலக்கு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்புகளைக்கூடப் பிடுங்கிவிட்டு இதை வைத்தார்கள். குழந்தைகள் நினைத்தபோது விளையாடுவார்கள். தண்ணீரோ விடியற்காலையில் வேண்டும். கடைசியில் வயதான பெண்கள் அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க, நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று ஒரு பத்திரிகை கணக்குப் போட்டது. இலக்குக் காலம் முடியும் முன்பே திட்டம் படுத்துவிட்டது. அந்தப் பெண்களில் யாரிடமாவது ஒரு மதியம் பேசியிருந்தால் போதும்.

இத்தனை சொன்ன பிறகும், ஒன்றரை வருடத் தம்பதிகளிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஊரும் பேச்சும் பிடிபடுகிற நேரத்தில் அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். பம்பின் முதல் பெரிய பழுதை, அதை வைத்தவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அடுத்து வருகிற தம்பதியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

அதனால்தான் ஜுசெப்பே ஆர்ஜெசே என்ற இத்தாலியரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொன்சொலாத்தா என்ற கத்தோலிக்க மிஷன் சபையின் சகோதரர் அவர். பாதிரியாரும் அல்ல, படித்துப் பட்டம் பெற்ற பொறியாளரும் அல்ல. 1950களின் கடைசியில் கென்யாவின் மேரு பகுதிக்குப் போனார். தூரு என்ற இடத்தில் போலியோ பாதித்த குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. அங்கே தண்ணீர் இல்லை. மேலே நியாம்பேனே மலைக்காடு. மேகம் வந்து மோதி மரங்களில் நீராகச் சொட்டுகிற காடு அது. கசிந்து மண்ணுக்குள் போகும் அந்த நீரை முகுலுலு என்ற இடத்தில் சேகரித்து, மோட்டார் இல்லாமல், மலைச் சரிவின் இறக்கத்திலேயே குழாய் வழியாகக் கீழே இறக்கினார். குழந்தைகள் இல்லத்தில் தொடங்கிய குழாய் வறண்ட சமவெளிக்கு நீண்டது. வருடம் போகப் போக லட்சக்கணக்கான மக்களும் அவர்கள் மாடுகளும் அந்த நீரைக் குடித்தார்கள்.

குழாய் உடைந்தபோது சரிசெய்ய அவரே இருந்தார். காட்டை வெட்ட வந்தபோது, மரம் போனால் தண்ணீர் போகும் என்று எடுத்துச் சொல்லவும் அவரே இருந்தார். உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை பழக்கிக்கொண்டே அந்த ஊரிலேயே முதுமையடைந்தார். மேரு மக்கள் அவரை முகிரி என்று அழைத்தார்கள். 2018இல் இறந்தார். ஏறத்தாழ அறுபது வருடம். எல்லாத் தம்பதிகளையும் அறுபது வருடம் இருக்கச் சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்த காவல் வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

அதைச் சம்பளம் கொடுத்துச் செய்யலாம் என்று அதே கென்யா காட்டியிருக்கிறது. கிடுயி மாவட்டத்தின் க்யூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அடிபம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். அடி எத்தனை என்று அது மொபைல் வழியே சொல்லிக்கொண்டிருக்கும். அடி நின்றால் மெக்கானிக் கிளம்புவார். முன்பு ஒரு பழுதைச் சரிசெய்ய 27 நாள் ஆனது. இப்போது மூன்று நாளுக்குள் முடிந்தது. அந்த அனுபவத்திலிருந்து ஃபண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்பு நிறுவனம் பிறந்து, கிடுயியிலும் குவாலேயிலும் வேலை செய்கிறது. ஊர் மாதச் சந்தா கட்டுகிறது. சந்தா மட்டும் முழுச் செலவுக்கும் போதாது. மீதியை அறக்கட்டளை நிதி தாங்குகிறது. நன்கொடை போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு செய்தி, கசப்பானது. மேற்குக் கென்யாவின் புசியாவில் மைக்கேல் க்ரெமரும் சக ஆய்வாளர்களும் ஊற்றுகளைச் சிமென்ட் கட்டி மூடிப் பாதுகாத்தால் என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். க்ரெமர் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர். ஊற்று வாயில் மலக்கிருமி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அதே தண்ணீர் வீட்டுப் பானைக்குப் போனபோது குறைவு கால் பங்கு மட்டுமே. வழியில் கேன், கை, குவளை எல்லாம் சேர்த்துக் கெடுத்துவிடுகின்றன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு சுமார் கால் பங்கு குறைந்தது. நல்ல பலன்தான், ஆனால் நல்ல தண்ணீரின் முழுப் பலன் அல்ல. பிறகு கிணற்றடியிலேயே குளோரின் பெட்டி வைத்தார்கள். குமிழைத் திருகினால் ஒரு கேனுக்கான மருந்து விழும், மேலே தண்ணீர் பிடித்தால் வீடு சேரும்போது சுத்தமாக இருக்கும். தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் ஏறத்தாழ கால் பங்கு குறையும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அவர்கள் சொல்கிறார்கள். புதிய போர் போடுவதோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகவும் குறைவு. ஆனால் குளோரின் பெட்டிக்குத் திறப்பு விழா நடத்துவோர் அரிது, மாதாமாதம் அதை நிரப்ப ஆள் வைப்போர் அதைவிட அரிது.

மூத்த மிஷனரிகளை அனுப்பும் சபைகளுக்கு என் யோசனை ஒன்றுதான். எத்தனை கிணறு தோண்டினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன் வைத்ததில் எத்தனை இன்றும் ஓடுகிறது என்று எழுதுங்கள். புதிய தம்பதிகளைப் புதிய கிராமங்களுக்கு அனுப்புவதற்கு முன், பழைய பம்புகளின் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வாசகர்களில் பலர் பெற்றோர் நினைவாகவோ பிள்ளையின் பிறந்த நாளுக்காகவோ தண்ணீருக்கென்று பணம் கொடுப்பவர்கள். இங்கேயானாலும் ஆப்பிரிக்காவிலானாலும், கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: தண்ணீரைச் சோதித்தீர்களா? வாஷர் தேய்ந்தால் யார் வருவார், எத்தனை நாளில்? அவருக்கு யார் சம்பளம் தருகிறார்? பதில் திருப்தியாக இருந்தால், கல்வெட்டில் பெயர் பொறிக்க வைத்திருந்த தொகையையும் அந்த மெக்கானிக்கின் சம்பளக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.